பத்து வரி போதும், பரவசம்தான்!

கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அடையக்கூடிய சந்தோஷங்களில் முதல் இடம் எதற்கு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: நம் வீட்டுக் குப்பையை நாமே எழுதிய புரோகிராமால் ஒழுங்குபடுத்துவதற்கு. சினிமா, பாட்டு, வீடியோ எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவள் இல்லை. மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். பகலெல்லாம் யாரோ எழுதிய சாஃப்ட்வேரில், யாரோ போட்ட கட்டத்தில், யாரோ கேட்ட எண்ணை நிரப்பும் வேலை. ராத்திரி சாப்பாட்டுக் கடை முடிந்து, பிள்ளைகள் படுத்த பிறகு என் லேப்டாப்பைத் திறந்தால், அங்கே நான் வைத்ததுதான் சட்டம். எனக்கு வேண்டியதை நானே எழுதிக்கொள்கிறேன். பத்து வரி, இருபது வரி. மிஞ்சிப்போனால் ஒரு பக்கம். அதற்குள் எத்தனை சந்தோஷம் அடங்கிக் கிடக்கிறது தெரியுமா?

எழுதுவது பைத்தானில். இந்த மொழியே ஒருவர் லீவு நாளில் பொழுதுபோக்காக ஆரம்பித்ததுதான். நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராசம், 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் எழுதத் தொடங்கினார். 1991-இல் வெளியே விட்டார். அதே 1991-இல்தான் ஹெல்சிங்கியில் ஒரு கல்லூரி மாணவர் இதுவும் பொழுதுபோக்குக்குத்தான் என்று சொல்லி லினக்ஸைக் கொடுத்தார். இன்றைக்கு உலகம் பாதி இவற்றின் மேல் ஓடுகிறது. பொழுதுபோக்கு என்ற சொல்லை யாராவது இளக்காரமாகச் சொன்னால் நான் இந்த இரண்டையும்தான் எடுத்துக் காட்டுவேன்.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 முதல், புரோகிராமுக்குள் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ‘படம்’, ‘தேதி’, ‘பழைய_பெயர்’ என்று நான் எழுதினால் கம்ப்யூட்டர் மறுபேச்சு பேசாமல் எடுத்துக்கொள்கிறது. முதன்முறை அது ஓடியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றும் என் புரோகிராம்களில் பாதிக்கு மேல் தமிழ்ப் பெயர்கள்தான்.

இனி படங்களின் கதைக்கு வருகிறேன்.

எல்லார் வீட்டிலும் உள்ள கதைதான். பழைய போனிலிருந்து ஒரு ஃபோல்டர், அதற்கு முந்தைய போனிலிருந்து ஒன்று, பென் டிரைவிலிருந்து ஒன்று, ‘புது ஃபோல்டர்’ என்ற பெயரில் மூன்று. ஒரே நிச்சயதார்த்தப் படம் ஐந்து இடத்தில் இருக்கும். எது அசல், எது நகல் என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க ஒரு ஆயுள் போதாது. புரோகிராமுக்கு அது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அது வேலை செய்யும் விதம் இருக்கிறதே, அத்தனை அழகு! ஒரு ஃபைலில் உள்ள மொத்த பைட்டுகளையும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்குக்குள் செலுத்தினால் 64 எழுத்து நீளத்தில் ஒரு விடை வரும். ஃபைலின் பெயர் என்னவாக இருந்தாலும் கவலையில்லை; உள்ளே இருப்பது ஒன்றென்றால் விடையும் ஒன்று. உள்ளே ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் விடை அடியோடு வேறு. ஆகவே எல்லாப் படத்துக்கும் விடையைக் கண்டுபிடித்து, ஒரே விடை வந்தவற்றை ஒன்றாகக் கட்டினால் நகல்கள் தாமாக மாட்டிக்கொள்ளும். இன்னும் வேகம் வேண்டுமா? முதலில் ஃபைலின் அளவை மட்டும் பாருங்கள். அளவே வேறாக இருக்கும் இரண்டு ஃபைல்கள் ஒன்றாக இருக்க வழியே இல்லை. அளவு ஒத்துப்போகிறவற்றுக்கு மட்டும் பெரிய கணக்கைப் போட்டால் போதும். இந்த ஒரு வரியைச் சேர்த்ததும் என் பழைய லேப்டாப் பறந்தது!

ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம் இதில் சிக்காது. வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. பார்வைக்கு அதே படம், பைட்டுகள் வேறு. அதற்கும் ஒரு வழி உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, குறுக்கே 9, நெடுக்கே 8 புள்ளி மட்டும் இருக்கும்படி சுருக்கவேண்டும். பிறகு ஒவ்வொரு புள்ளியும் தன் வலப்பக்கப் புள்ளியைவிட வெளிச்சமா, இருட்டா என்று கேட்கவேண்டும். வரிசைக்கு 8 கேள்வி, 8 வரிசை, ஆக 64 ஆம்-இல்லை. அந்த 64 பதில்தான் படத்தின் ஜாதகம். இரண்டு படங்களுக்கு இடையே இரண்டு மூன்று பதில்கள் மட்டும் மாறினால் பெரும்பாலும் அவை ஒரே படம்தான். பட்டுப்புடவை, மாலை, பின்னால் நிற்கும் சொந்தபந்தம் எல்லாவற்றையும் 72 புள்ளிகளாகச் சுருக்கிய பிறகும் ‘இது அதே படம்’ என்று ஒரு கணக்கு அடையாளம் கண்டுபிடிக்கிறதே! எத்தனை தடவை ஓட்டினாலும் எனக்கு அலுக்கவில்லை.

என் புரோகிராம் எதையும் அழிக்காது. அதில் நான் கறார். நகல்களை ‘பார்க்கணும்’ என்ற ஃபோல்டருக்கு நகர்த்தும், அவ்வளவுதான். கடைசி முடிவு என் கண்ணுக்கு.

அடுத்து தேதி. போனில் எடுத்த படத்துக்குள்ளேயே அது எடுக்கப்பட்ட நாளும் நேரமும் எழுதியிருக்கும், எக்ஸிஃப் என்பார்கள். அதைப் படித்து வருடம், மாதம் என்று ஃபோல்டர் போட்டு அடுக்க இருபது வரி ஆகாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்தக் குறிப்பு போய்விடுகிறது. ஆனால் ஆண்ட்ராய்டு போனில் அதன் பெயரிலேயே வந்து சேர்ந்த நாள் எட்டு இலக்கமாக நிற்கும். அதைக் கிள்ளியெடுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் கற்றுக்கொண்டதற்குக் கிடைத்த பரிசு அப்பாவின் சஷ்டியப்த பூர்த்தி. திருக்கடையூரில் நடந்தது. அண்ணன் போன், அத்தை போன், மாமா மகனின் கேமரா என்று ஆளாளுக்கு எடுத்த படங்கள் தனித்தனியாகக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு நேரப்படி அடுக்கச் சொன்னேன். மாமா மகனின் கேமரா மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதில் கடிகாரத்தை யாரும் சரியாக வைக்கவே இல்லை. என்ன செய்தேன் தெரியுமா? அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டும் நொடி அவன் கேமராவிலும் இருக்கிறது, அண்ணன் போனிலும் இருக்கிறது. இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அந்தக் கேமராவின் எல்லாப் படத்திலிருந்தும் கழித்தேன். ஒரே ஒரு கழித்தல்! அத்தனை படமும் நகர்ந்து தன் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. கலச நீர் ஊற்றும்போது அம்மா கண்ணை மூடியிருப்பது ஒரு படத்தில். அதே நொடியில் எதிர்ப்பக்கம் நின்ற அப்பத்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுவது இன்னொரு படத்தில். இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றதை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. யாருமே பார்த்ததில்லை. அன்று ராத்திரி வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன்.

இதுவரை சொன்னது எந்த ஊர்க்காரருக்கும் கிடைக்கும் இன்பம். தமிழ் தெரிந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் இன்பம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

அக்கா தன் பழைய மேக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக் கொடுத்த படங்களை என்னுடையவற்றோடு சேர்த்தபோது, ‘கொலு’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர் வந்து நின்றன. ஒரே இடத்தில், ஒரே பெயரில் இரண்டு! எழுத்துக்கு எழுத்து பார்த்தாலும் வித்தியாசம் கிடையாது. பைத்தானிடம் இரண்டும் ஒன்றா என்று கேட்டால் இல்லை என்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தேன். அடடா! ‘கொ’ என்பதை, எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுத்துவைக்கும் யூனிகோடு முறையில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி என்று ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரே ‘கொ’. பழைய மேக் ஃபைல் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். நம் கீபோர்டு பெரும்பாலும் சேர்த்து எழுதும். இதைச் சரிசெய்ய பைத்தானிலேயே ‘நார்மலைஸ்’ என்று ஒரு கட்டளை தயாராக இருக்கிறது. ‘என்எஃப்சி’ என்று சொன்னால் பிரிந்ததைச் சேர்த்துவிடும். ஒரு வரி எழுதினேன். இரண்டு கொலுவும் ஒரு கொலு ஆயின.

ஒரு கொம்பும் காலும் இப்படி ஒளிந்து விளையாடும் என்று எனக்கு யார் சொல்லித் தந்திருக்கப் போகிறார்கள்? ஒன்றாம் வகுப்பில் சிலேட்டில் எழுதிய எழுத்தை அன்றைக்குத்தான் உள்ளே போய்ப் பார்த்தேன். பைத்தானில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். 5 என்று சொல்லும். நமக்கு மூன்று எழுத்து. அதற்கோ த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இதை முதலில் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு உற்சாகம்!

அகர வரிசைக்கு வாருங்கள். அப்பா சேர்த்த புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் போட்டேன். வரிசைப்படுத்தச் சொன்னால் பைத்தான் தன் பாட்டுக்கு யூனிகோடு எண்ணின்படி அடுக்குகிறது. அதன் கணக்கில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்தது. ஆகவே கமலாவுக்கு முன்னால் கனகா வந்துவிடுகிறாள். வகரத்துக்கு முன்னால் ழகரம் இருப்பதால் குவளைக்கு முன் குழந்தை. புள்ளி வைத்த எழுத்து வெறும் எழுத்துக்கு முந்தையது என்பதும் அதற்குத் தெரியாது. பக்கத்துக்கு முன்னால் பகல் வந்து நிற்கும். நம் அகராதியில் பக்கம் முதலில், பகல் பிறகு.

இதைச் சரியாகச் செய்ய ஐசியூ என்ற நல்ல நிரலகம் ஏற்கெனவே உண்டு. இருந்தும் நானே எழுதினேன். க, ங, ச, ஞ என்று தொடங்கி ற, ன வரை வரிசையாகத் தட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, புள்ளி வைத்ததற்கு அதைவிடக் கொஞ்சம் முந்தைய எண் கொடுத்து, அந்த எண்களைச் சாவியாக வைத்து அடுக்கு என்றேன். சொல்லை நாம் நினைக்கும் எழுத்துகளாகப் பிரிப்பதற்கு ‘ஓப்பன் தமிழ்’ நிரலகம் கைகொடுத்தது. ‘எழில்’ என்று தமிழிலேயே ஒரு நிரல்மொழி செய்த முத்து அண்ணாமலையின் முயற்சியில் வளர்ந்தது அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இப்படி நமக்காக உட்கார்ந்து எழுதிவைத்தவர்கள் எத்தனை பேர்! கணியம் இதழ்க்காரர்கள் 2012 முதல் கணினி நுட்பத்தைத் தமிழில் எழுதிக் குவிக்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் இங்கேயே ஒரு கும்பிடு. கனகா தன் இடத்துக்குப் போனாள், அப்பாவின் புத்தகங்கள் தமிழ் வரிசையில் நின்றன. அதைக் கீழிருந்து மேலும், மேலிருந்து கீழுமாக நான் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாவற்றுக்கும் சிகரம் பாமினி.

சித்தப்பா ஒரு காலத்தில் டிடிபி சென்டர் வைத்திருந்தார். எங்கள் தாத்தா நோட்டில் எழுதிவைத்த வாழ்க்கைக் கதையை அவர்தான் வேர்டில் அடித்துவைத்தார், பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் சிதறிக் கிடக்கும். தமிழ் என்ற சொல்லே அதில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்றால் அதன் மேல் ஏறும் கொக்கி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளிதான் மெய்யெழுத்துப் புள்ளி. தட்டச்சு மெஷின் விசைகளின் வாசனை இன்னும் அடிக்கும் ஏற்பாடு அது!

இதை யூனிகோடாக்கும் கருவிகள் இருக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியை எத்தனையோ பேர் வருடக்கணக்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் தாத்தாவின் கதையை நானே திறக்கவேண்டும் என்று ஆசை. பாமினியில் ஒற்றைக்கொம்பை முதலில் அடிக்கவேண்டும், பிறகுதான் எழுத்து, ஏனென்றால் கண்ணுக்கு அது இடப்பக்கம்தானே நிற்கிறது! யூனிகோடிலோ எழுத்து முதலில், கொம்பு பிறகு. ஆகவே மாற்றும்போது இரண்டையும் இடம் மாற்றவேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘பொ’ என்பதில் கொம்பு, ப, கால் மூன்றும் வரும். முதலில் கொம்பையும் பகரத்தையும் பிடித்துப் ‘பெ’ ஆக்கிவிட்டால் கால் அனாதையாக நின்றுவிடும். அதனால் நீளமானதை முதலில், குட்டையானதைப் பிறகு மாற்றவேண்டும். இந்த ஒரு விதிதான் மொத்தப் புரோகிராமின் உயிர்.

ஓட்டினேன். திரையில் தாத்தா பேச ஆரம்பித்துவிட்டார். வரிக்கு வரி, புள்ளிக்குப் புள்ளி.

சித்தப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, “இதுல ஏதாவது ஒரு வார்த்தையத் தேடுங்க சித்தப்பா” என்றேன். ‘வைகை’ என்று அடித்தார். தாத்தா சின்ன வயதில் ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போன பக்கங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. “எங்கய்யா எழுதுனது அப்படியே வருதே! எப்படித்தா பண்ணுன?” என்று கேட்டவர், அப்புறம் ஒரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தேடிக்கொண்டே இருந்தார். ஊர்ப் பெயர், மாட்டின் பெயர், செத்துப்போன சிநேகிதர்களின் பெயர்.

தினப்படி உதவிக்கும் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் மீட்டரைப் பார்த்து எண்ணை உள்ளே கொடுத்தால், இதே வேகத்தில் போனால் இந்த இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் ஆகும் என்று ஒரு குட்டிப் புரோகிராம் சொல்லும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணப்படி 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய் ஆனது. 501 ஓடினால் 1,958 ரூபாய் ஆனது. ஏனென்றால் 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் இரண்டே கால் ரூபாயிலிருந்து நாலரை ரூபாய்க்கு ஏறியது. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! இதை நான் எந்தச் செய்தியிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. புரோகிராமுக்காகக் கட்டண அட்டவணையை வரி வரியாக எழுதும்போது கண்ணில் பட்டது. கம்ப்யூட்டருக்குப் புரியும்படி சொல்லவேண்டும் என்றால் முதலில் நமக்கு முழுசாகப் புரிந்தாகவேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான்.

அமெரிக்க எழுத்தாளர் ராபின் ஸ்லோன் 2020-இல் ஒரு கட்டுரை எழுதினார். தன் குடும்பத்தில் நாலு பேர் மட்டும் வீடியோ அனுப்பிக்கொள்ள ஒரு செயலி செய்ததைப் பற்றி. அது வீட்டுச் சமையல் மாதிரி என்கிறார். நூற்றுக்கு நூறு சரி. நம் வீட்டு ரசத்துக்கு ஓட்டல்காரர் மார்க் போட வேண்டியதில்லை. என் புரோகிராம்களை உலகத்தில் யாரும் டவுன்லோடு செய்யப் போவதில்லை, செய்யவும் வேண்டாம். அக்காவுக்கும் எனக்கும் சித்தப்பாவுக்கும் அவை அளவெடுத்துத் தைத்தவை.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பைத்தான் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். முதலில் உங்கள் படங்களுக்கும் ஃபைல்களுக்கும் வேறொரு டிஸ்க்கில் ஒரு முழு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் எத்தனை பிடிஎஃப் கிடக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வரி எழுதினால் விடை வந்துவிடும். அடுத்தது என்ன எழுதுவது என்று உங்கள் ஃபோல்டர்களே சொல்லும். இன்றைக்கு ராத்திரியே ஆரம்பியுங்கள்.